கரிசலிலிருந்து கப்பலுக்கு

"தூத்துக்குடியிலயே ஏற முடியாதா?"

காரியாபட்டிப் பக்கம் யாராவது கப்பலில் சுற்றுலா போவதாகச் சொன்னால் முதலில் வரும் கேள்வி இதுதான். தப்பான கேள்வி இல்லை. ஊரை ஒட்டிப் போகும் நாற்கரச் சாலை அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடியில்தான் போய் முடிகிறது. இரண்டு மணி நேரத்தில் துறைமுகத்தைப் பார்த்துவிடலாம். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்களைக் கொழும்புக்கு விட்ட ஊரும் அதுதான். 2011 ஜூனில் ஸ்காட்டியா பிரின்ஸ் என்ற கப்பல் அதே வழியில் ஓட ஆரம்பித்தது. இனிமேல் கொழும்புக்குக் கடல் வழிதான் என்று பலர் நம்பினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அதுவும் நின்றுபோனது. இன்றைய தூத்துக்குடி நிலக்கரிக்கும் கண்டெய்னருக்குமான துறைமுகம். உல்லாசக் கப்பலில் ஏற வேண்டுமானால் சென்னைக்கோ, கொச்சிக்கோ, மும்பைக்கோ, சிங்கப்பூருக்கோதான் போக வேண்டும்.

அதனால்தான் இந்த அத்தியாயத்தில் கடலைவிடத் தரையைப் பற்றிய பேச்சு அதிகமாக இருக்கும். கப்பலில் ஏறிய பிறகு உங்களைக் கவனிக்க நூற்றுக்கணக்கான ஊழியர்கள் இருக்கிறார்கள். ஏறும் வரைக்கும் நீங்கள்தான் கவனிக்க வேண்டும். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களின் பயணம் நடுக்கடலில் கெடுவது அபூர்வம். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரிலும், ரயில் தாமதத்திலும், ஏஜெண்ட் கொடுத்த ஒரு பக்க நோட்டீஸிலும்தான் அது கெடுகிறது.

"எந்தக் கப்பல்?"

வீட்டுப் பெரியவர்களுக்குக் கப்பல் என்றால் ரஜூலா, எம்.வி. சிதம்பரம். டிரங்குப் பெட்டியோடு நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய காலம் அது. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்தது. அத்தோடு அந்தப் போக்குவரத்தும் முடிந்தது. அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்டவர்கள் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "கப்பலா, வேணாம்ப்பா" என்று அவர்கள் சொன்னால் அதற்கு அர்த்தம் உண்டு.

அடுத்த தலைமுறைக்குக் கப்பல் என்றால் அந்தமான் கப்பல். பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு. சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு (2024 வரை போர்ட் பிளேர்) இரண்டரை நாள், மூன்று நாள் ஆகும். பங்க் என்கிற அடுக்குப் படுக்கையும் உண்டு, கேபினும் உண்டு. கேண்டீன் சாப்பாடு, கொஞ்சம் புழுக்கம், நிறையக் கடல். போய்ச் சேருவதற்கான கப்பல் அது. உல்லாசத்தை அதில் எதிர்பார்க்கக் கூடாது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போவதும் அதே வகைதான். 2023 அக்டோபரில் செரியபாணி என்ற கப்பலோடு தொடங்கிச் சில நாளிலேயே மழைக்காலத்துக்காக நின்றது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. நாலு மணி நேரப் பயணம். யாழ்ப்பாணம் பார்க்க நல்ல வழி. அதை உல்லாசக் கப்பல் என்று யாராவது உங்களிடம் விற்றால் வாங்காதீர்கள்.

உல்லாசக் கப்பல் என்பது போகும் இடத்துக்காக ஏறுவது அல்ல, கப்பலுக்காகவே ஏறுவது. நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ். 1990-இல் ராயல் கரீபியன் கம்பெனிக்காகப் பிரான்சில் கட்டிய கப்பல். ஏறத்தாழ 210 மீட்டர் நீளம், 1,800 பேர் வரை ஏறலாம். 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையில் அதைக் கொடியசைத்து அனுப்பினார். இரண்டு இரவு ஆழ்கடலுக்குப் போய்த் திரும்புவது ஒன்று, ஐந்து இரவில் விசாகப்பட்டினம் வழியாகச் சுற்றி வருவது இன்னொன்று. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. இன்னும் பெரிய கப்பல் வேண்டுமென்றால் சிங்கப்பூர். அங்கிருந்து பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் என்று சுற்றும் ஜென்டிங் ட்ரீம் போன்ற கப்பல்கள் மூவாயிரம் பேருக்கு மேல் ஏற்றுகிறவை.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது: சென்னையிலிருந்து இரண்டு இரவு மட்டும் போய் வாருங்கள். கடல் ஒத்துக்கொள்கிறதா, கூட்டம் ஒத்துக்கொள்கிறதா, பாட்டுச் சத்தம் ஒத்துக்கொள்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு சிங்கப்பூரைப் பற்றி யோசிக்கலாம். எடுத்த எடுப்பில் ஏழு இரவுக்குப் பணம் கட்டிவிட்டு, மூன்றாம் நாள் எப்போது கரை வரும் என்று ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பது கொடுமை.

"எந்த மாசம் போறது?"

இதில் நம் ஊருக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் மும்பைப் பக்கத்துக் கடல் கொந்தளிப்பதால், இந்தியக் கப்பல் அந்த மாதங்களில் கிழக்குக் கரைக்கு வருகிறது. சுமாராக ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைச் சீசன். கரிசல் மானாவாரிக்காரர்களுக்கும் அதுதான் ஓய்வு. மிளகாயும் பருத்தியும் எடுத்தாயிற்று, அடுத்த விதைப்புக்குப் புரட்டாசி மழை விழ வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் எழும் நேரத்தில் நமக்கும் களையெடுப்பு. கப்பலை நினைக்கவே நேரம் இருக்காது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குத்தான் சிக்கல். சீசன் தொடங்கும்போது பள்ளியும் திறந்துவிடும். காலாண்டு விடுமுறை வரும்போது சீசன் முடியும் தறுவாயில் இருக்கும். சனி, ஞாயிறை ஒட்டிய இரண்டு இரவுப் பயணம் வார நடுவில் போவதைவிட விலை கூடுதல். இருந்தாலும் லீவு எடுக்காமல் போக அதுதான் வழி. ஒவ்வொரு ஆண்டும் தேதிப் பட்டியல் மாறும். போன வருஷம் போனவர் சொன்ன தேதியை நம்பி நகையை அடகு வைக்க வேண்டாம்.

"மொத்தம் எவ்வளவு ஆகும்?"

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகை ஓர் ஆளுக்கு, அதுவும் ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால். தனியாகப் போனால் கிட்டத்தட்ட இரண்டு ஆள் பணம். அதே அறையில் மூன்றாவது, நாலாவது ஆள் படுத்தால் அவர்களுக்குக் கட்டணம் குறையும். அந்தத் தொகைக்குக் கீழே பொடி எழுத்தில் துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. என்று வரிசையாக இருக்கும். வெளிநாட்டுப் பேக்கேஜ் என்றால் டி.சி.எஸ். என்ற வரியையும் பிடித்துக்கொள்வார்கள். அந்த விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். வருமான வரிக் கணக்குக் காட்டினால் கழித்துக்கொள்ளலாம், அதிகமாகப் பிடித்திருந்தால் திரும்பவும் வாங்கலாம். அதற்கு பான் எண் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும். பணம் கட்டியவர் பெயரில்தான் வரி ஏறும். மகன் கட்டிவிட்டு அப்பா கேட்க முடியாது.

ஏஜெண்டிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "எல்லாம் சேர்த்து, காரியாபட்டியில கிளம்பித் திரும்ப காரியாபட்டியில இறங்குற வரைக்கும் எவ்வளவு?" அவர் கப்பல் கட்டணத்தை மட்டும் சொல்வார். மீதியை நீங்களே எழுதிக் கூட்டுங்கள்: மதுரை வரை கார், சென்னைக்கு ரயில், முந்தின நாள் லாட்ஜ், துறைமுகத்துக்கு ஆட்டோ, கப்பலில் குளிர்பானம், போட்டோ, பிள்ளைகளின் கேம்ஸ், கரையில் இறங்கினால் வண்டி வாடகை. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு இந்த மீதியே விளம்பரத் தொகையில் பாதியைத் தொட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. ஏறும்போது ஓர் அட்டை கொடுப்பார்கள். அறைக் கதவைத் திறப்பதும் அதுதான், கடையில் பணம் கட்டுவதும் அதுதான், துறைமுகத்தில் இறங்கி ஏறும்போது அடையாளமும் அதுதான். பார்க்க ஏ.டி.எம். கார்டு மாதிரி இருக்கும் அந்த அட்டையைப் பத்து வயதுப் பையன் கழுத்தில் மாட்டிவிட்டால் கடைசி நாள் பில் வரும்போது தெரியும். பிள்ளைகள் அட்டையில் செலவு செய்யும் வசதியை முதல் நாளே வரவேற்பில் சொல்லி நிறுத்திவிடலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

அறை விஷயத்தில் கூட்டுக் குடும்பங்கள் எப்போதும் மல்லுக்கட்டும். அருப்புக்கோட்டை ஏஜெண்ட் கடையில் அடிக்கடி கேட்கக் கிடைக்கும் பேச்சு இது:

"அஞ்சு பேருக்கு ரெண்டு ரூம் போட்டுத்தான் ஆகணும், அண்ணாச்சி."

"எதுக்குத் தம்பி? ஒரு பாயை விரிச்சு நான் கீழே படுத்துக்கிறேன்."

"நீங்க படுப்பீங்க. கப்பல்காரன் விட மாட்டான்."

விடாததற்குக் காரணம் உண்டு. அபாயம் வந்தால் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புப் படகில் இடம் இருக்க வேண்டும். அந்தக் கணக்கை வைத்துத்தான் ஓர் அறைக்கு இத்தனை பேர் என்று வரம்பு. ஜன்னல் இல்லாத உள்ளறைதான் மலிவு. விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. தூங்க மட்டுமே அறைக்குப் போகிறவருக்கு அது போதும். மூச்சு முட்டுகிற மாதிரி உணர்கிறவர், வயதானவர் என்றால் கண்ணாடி ஜன்னல் அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது மேல். பால்கனி அறைக்கு இரண்டு இரவில் அவ்வளவு பணம் கொட்டுவது என் கணக்கில் வீண். மேல்தளத்தில் கடலை எல்லோரும் இலவசமாகவே பார்க்கலாம்.

"பாஸ்போர்ட் வேணுமா?"

சென்னை, விசாகப்பட்டினம், மறுபடி சென்னை என்று இந்தியத் துறைமுகங்களை மட்டும் தொடும் பயணத்துக்கு வேண்டாம். ஆதார், வாக்காளர் அட்டை போன்ற அசல் அடையாள அட்டை போதும். கைபேசியில் எடுத்த போட்டோவை நம்பிப் போகாதீர்கள். இலங்கை, சிங்கப்பூர் என்றால் பாஸ்போர்ட் வேண்டும். பயணத் தேதியிலிருந்து இன்னும் ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். விருதுநகர் மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கால் என்றால் கூடுதலாக 2,000. போலீஸ் விசாரணை உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து வரும். அந்த நாளில் வீட்டில் ஆளில்லாமல் தோட்டத்துக்குப் போய்விட்டால் அதுவே ஒரு மாதத்தை இழுக்கும்.

பெயர்தான் பெரிய தொல்லை. ஆதாரில் "க. முருகேசன்". பான் கார்டில் "கருப்பையா முருகேசன்". பாஸ்போர்ட்டில் பெயர் என்ற இடத்தில் முருகேசன், குடும்பப் பெயர் என்ற இடத்தில் கருப்பையா. ரேஷன் கார்டில் வேறு எழுத்துக்கூட்டல். நமக்கு இவை எல்லாம் ஒரே ஆள். கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு நாலு ஆள். டிக்கெட் போடும்போது ஏஜெண்டுக்குப் பாஸ்போர்ட்டின் போட்டோப் பக்கத்தையே கொடுங்கள். வாயால் பெயர் சொல்லாதீர்கள். டிக்கெட் கைக்கு வந்ததும் எழுத்து எழுத்தாக ஒத்துப்பாருங்கள். திருத்தம் அன்றைக்கே என்றால் ஒரு போன் பேச்சோடு முடியும், பிறகு என்றால் அபராதம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடமே காலியாக இருக்கிறவர்களும் நம் பக்கம் ஏராளம். வெறும் முருகேசன், வெறும் பாண்டியம்மாள். ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவோடு வருகிறவர்களுக்கு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. துபாயிலிருந்து கப்பல் ஏற நினைப்பவர்களுக்கு அது முட்டுக்கட்டை. மற்ற இடங்களில் விமானக் கம்பெனி ஒரு விதமாகவும் கப்பல் கம்பெனி வேறு விதமாகவும் அந்தக் காலி இடத்தை நிரப்பச் சொல்லும். இரண்டு டிக்கெட்டிலும் பெயர் வேறுவேறாக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கும் சமயம் வந்தால் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராகச் சேர்த்துவிடுவது நல்லது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போதே செய்துவிடுங்கள்.

இன்னொரு பயமும் உண்டு. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கும். "அதோட மலேசியா போக முடியாதாமே" என்பார்கள். அது வேலைக்குப் போகிறவர்களுக்கான கட்டுப்பாடு. சுற்றுலாவாகப் போய்த் திரும்புகிறவருக்கு அது தடையில்லை. திரும்பி வரும் டிக்கெட்டைக் கையில் வைத்திருங்கள், கேட்டால் காட்டலாம்.

சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏறினால் விசாவை அங்கீகாரம் பெற்ற ஏஜெண்ட் மூலம் எடுக்க வேண்டும். கப்பல் கிளம்பிப் பினாங்கைத் தொட்டுத் திரும்பினால் அது சிங்கப்பூருக்குள் இரண்டாவது நுழைவு. பல முறை நுழையும் விசாவா என்று பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இரண்டு நுழைவுக்கும் இணையத்தில் நிரப்ப வேண்டும். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை. ஆனால் அவர்களுக்கும் ஒரு இணைய வருகை அட்டை உண்டு. இந்தச் சலுகைகள் தேதி போட்டு நீட்டிக்கப்படுகிறவை. டிக்கெட் போடும் வாரத்தில் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

"என்ன எடுத்துட்டுப் போகலாம்?"

துறைமுகத்தில் பெட்டியை ஸ்கேன் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை இருக்கும். அதில் குவிந்திருக்கும் சாமான்களைப் பார்த்தாலே பெட்டிகள் எந்த ஊரிலிருந்து வந்தவை என்று தெரிந்துவிடும். அயர்ன் பாக்ஸ், வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பி, எலெக்ட்ரிக் கெட்டில், நாலு பிளக் எக்ஸ்டென்ஷன் பெட்டி, தீப்பெட்டி, சூடம், ஊதுபத்தி. சூடாகிறதும் நெருப்பு வைக்கிறதும் எதுவும் உள்ளே போகாது. கப்பலில் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் தீதான், தண்ணீர் இல்லை. பெரும்பாலும் ஒரு சீட்டு எழுதி வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள் திருப்பிக் கொடுப்பார்கள். பாட்டில் சரக்குக்கும் அதே கதி. வீட்டில் சமைத்த சாப்பாட்டை விட மாட்டார்கள். கடையில் வாங்கிப் பிரிக்காத பிஸ்கட், முறுக்குப் பொட்டலத்துக்கு அநேகமாகத் தடை இருக்காது.

சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அங்கே கசகசா தடை செய்யப்பட்ட பொருள். குழம்புப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் வம்புதான், அந்தப் பொடியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மெல்லும் புகையிலை கூடாது. வெற்றிலை போடும் அப்பத்தாவிடம் இதை நாலு முறை சொல்லி அனுப்பவும். சூயிங்கம் கூடாது. இங்கிருந்து உப்புக்கண்டம் கொண்டுபோகக் கூடாது. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து சாப்பிடுகிறவர்கள் போகும் முன்பே அந்த நாட்டு மருந்துத் துறையிடம் அனுமதி தேவையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி ஏறும்போதே உங்களிடமிருந்து போய்விடும். அறை வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம்.

"அன்னைக்குக் காலையில போய்ச் சேர்ந்தா போதாதா?"

காரியாபட்டியில் ரயில் நிலையம் இல்லை. மதுரை முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. விமான நிலையம் அதற்கும் முன்பே வந்துவிடும். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை சென்னை. சாயங்காலம் கிளம்பும் கப்பலுக்கு அது போதும் என்றுதான் தோன்றும், பல நாள் போதும்தான். காலையில் மதுரையில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறி மதியம் இறங்கி ஓடும் திட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம். கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்பினால் வாசல் அதற்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம் முன்பே மூடிவிடும். உங்கள் ரயில் விழுப்புரத்தில் நின்றுகொண்டிருக்கிறது என்பது கேப்டனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் நிற்க மாட்டார். கப்பலைத் தவறவிட்டால் பணம் திரும்பி வராது.

பெரியவர்கள் கூட வந்தால் முந்தின நாளே போய்த் தங்குங்கள். அருப்புக்கோட்டையிலிருந்தே ஏற நினைத்தால் செங்கோட்டையிலிருந்து வரும் சிலம்பு எக்ஸ்பிரஸ் வாரத்தில் சில நாள் உண்டு. எழும்பூரில் வேலை நடப்பதால் சில ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. டிக்கெட்டில் முடிவிடத்தைப் பாருங்கள். துறைமுகம் ராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். பயணிகளை எந்த வாசல் வழியாக விடுகிறார்கள் என்பது டிக்கெட்டோடு வரும் காகிதத்தில் இருக்கும். ஆட்டோக்காரரிடம் "ஹார்பர்" என்று மட்டும் சொன்னால் வேறு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். சிங்கப்பூர்க் கப்பலுக்கு மதுரையிலிருந்து நேரடி விமானம் இருக்கும் நாளாகப் பார்த்து, ஒரு நாள் முன்பே போய் இறங்குவதுதான் முறை.

"குமட்டுமா?"

பஸ்ஸில் குமட்டுகிறவருக்குக் கப்பலிலும் குமட்ட வாய்ப்பு உண்டு. பெரிய கப்பலில் ஆட்டத்தைத் தணிக்க இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் இறக்கை மாதிரித் தகடுகள் இருக்கும். அமைதியான நாளில் ஓடுவதே தெரியாது. காற்று எழுந்தால் தெரியும். அறை எடுக்கும்போதே கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் கேளுங்கள். கப்பலின் மூக்கும் வாலும்தான் அதிகம் ஏறி இறங்கும். அவோமின் போன்ற மாத்திரையைக் குமட்ட ஆரம்பித்த பிறகு போடுவதில் பிரயோஜனம் குறைவு, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். கண் அழுத்தம், சிறுநீர்த் தடை உள்ள பெரியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. வெறும் வயிறு ஆகாது, வயிறு முட்டச் சாப்பிடுவதும் ஆகாது. அறைக்குள் படுத்துக்கொண்டு கைபேசி பார்க்காமல் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

கப்பலில் டாக்டர் இருப்பார், இலவசமில்லை. பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணம் அதில் அடங்குமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருக்கும் பெண்களை அநேகமாக எந்தக் கப்பலும் ஏற்றாது. ஆறு மாதம் நிறையாத கைக்குழந்தையையும் ஏற்ற மாட்டார்கள்.

தீ, மூழ்கல் என்று பயப்படும் பெரியவர்களை முதல் நாள் பயிற்சிக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். 2012-இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதியபோது, அன்று ஏறியவர்களில் பலருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி இறுகியது. சைரன் அடித்தால் எந்தப் படிக்கட்டு, எந்த இடத்தில் கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படிக் கட்டுவது என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுப்பார்கள். பலர் அப்போதுதான் செல்பி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

"குளிக்கத் தண்ணி?"

குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்வி. எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான். கப்பல் தன் தண்ணீரைத் தானே கடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எஞ்சின் சூட்டில் கடல்நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது ஒரு வழி. நெம்மேலியில் சென்னைக்குச் செய்வது மாதிரி சவ்வு வழியாக அழுத்திப் பிரிப்பது இன்னொரு வழி. கொஞ்சம் துறைமுகத்திலும் நிரப்பிக்கொள்ளும். அறைக் குழாயில் வருவது நல்ல தண்ணீர், நம் போர்வெல் உவரைவிடப் பல மடங்கு மேல். வாளி, செம்பு கிடையாது, ஷவர்தான். கழிப்பறை காற்றால் உறிஞ்சி இழுக்கும் வகை. ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் சொச்சம் தண்ணீர்தான் செலவாகும். பெரிய சத்தம் போடும், குழந்தைகள் மிரளும். அதில் துணியோ நாப்கினோ போட்டால் அந்த வரிசை அறைகள் எல்லாவற்றுக்கும் அடைத்துக்கொள்ளும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். இந்தியப் பயணிகளை நம்பி ஓடும் கப்பல்களில் சைவமும் ஜைன உணவும் தனியாகவே உண்டு. சோறு, பருப்பு, தயிர் கிடைக்கும். சாம்பாரில் வடக்கத்திக் கை தெரியும். கட்டணத்தில் அடங்கிய உணவகம் எது, தனியாகப் பணம் வாங்கும் உணவகம் எது என்று முதல் வேளையே கேட்டுக்கொள்ளுங்கள். கம்பங்கூழ் கிடைக்காது. காசினோ நிலப்பரப்பிலிருந்து 12 கடல் மைல் தாண்டியதும் திறக்கும். அங்கே என்ன செய்வது என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

"போன் எடுக்குமா?"

கரை மறைந்ததும் எடுக்காது. எடுத்தால்தான் ஆபத்து. கப்பலில் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் தனி நெட்வொர்க் இருக்கும். உங்கள் கைபேசி தானாக அதைப் பிடித்துக்கொண்டால் ஊர் திரும்பிய பிறகு பில் வரும். ஏறியதும் பிளைட் மோடில் போடுங்கள். தேவையானவர் கப்பலின் வைஃபைக்குப் பணம் கட்டிக்கொள்ளலாம். ஆடு மாடு பார்த்துக்கொள்ளும் ஆளிடம், இரண்டு நாள் போன் வராது என்று முன்பே சொல்லிவிட்டுப் போவது அதைவிட மலிவு.

"சொன்ன ஊருக்குப் போகுமா?"

போகாமலும் இருக்கலாம். டிக்கெட்டின் நிபந்தனையில் துறைமுகத்தை மாற்றவும் விடவும் கப்பலுக்கு உரிமை உண்டு என்று எழுதியிருக்கும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கப்பல் புதுச்சேரிக் கடல் வரை வந்தும், புதுச்சேரி அரசு அனுமதி தராததால் பயணிகள் இறங்க முடியவில்லை. 2025 ஜூலையில்தான் அங்கே இறங்க முடிந்தது, அதுவும் கப்பல் தள்ளி நிற்கச் சிறு கப்பலில் கரைக்கு வந்தார்கள். அப்படி மாறி ஏறும் இடங்களில் முழங்கால் வலிக்காரர்கள் கப்பலிலேயே இருந்துவிடுவது உத்தமம்.

கரையில் இறங்கினால் திரும்பி ஏற வேண்டிய நேரத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்று. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால், புக்கெட் அதற்கு ஒரு மணி பின்னால். கைபேசி உள்ளூர் நேரம் காட்டும், கப்பல் கப்பல் நேரத்தில் கிளம்பும். அறையில் போடும் தினசரிக் காகிதத்தில் இருப்பதுதான் கப்பல் நேரம்.

"எப்ப வீடு திரும்புறது?"

கடைசி ராத்திரி பெரிய பெட்டிகளை எண் கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்த வேண்டிய துணி, மாத்திரை, பாஸ்போர்ட், கண்ணாடி எல்லாவற்றையும் கைப்பையில் எடுத்து வைத்த பிறகுதான் பெட்டியை மூட வேண்டும். காலையில் நைட்டியோடு வரவேற்பில் நிற்கும் ஒருவராவது ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. கப்பல் காலையில் கரை தொட்டாலும் வரிசை, பில், பெட்டி என்று துறைமுகத்தை விட்டு வெளியே வர முற்பகலாகிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்தால் குடியேற்றமும் சுங்கமும் சேர்ந்து இன்னும் தாமதம். அதனால் மதியம் கிளம்பும் வைகையில் டிக்கெட் போடாதீர்கள். ராத்திரிப் பாண்டியனில் போடுங்கள். இறங்கிய பிறகு ஒரு நாள் தரை ஆடுகிற மாதிரி இருக்கும், மேல் பெர்த்தாக இல்லாமல் கீழ் பெர்த்தாகக் கேளுங்கள். விடியற்காலை மதுரையில் இறங்கினால் அருப்புக்கோட்டை பஸ் எப்போதும் இருக்கிறது.